ஆபீஸுக்குக் கார் வேண்டுமா, வீட்டுக்குக் கார் வேண்டுமா?

கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். கணக்குகள் அவர் எழுதியபடியே.

அவருக்கு வயது 36. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 52,000 ரூபாய். கணவருக்கு மறைமலை நகரில் வேலை, 48,000 ரூபாய் வருகிறது. போய்வரக் கம்பெனி பஸ் உண்டு. வீட்டுக்கடன் தவணை மாதம் 31,000. ஐந்தாவது படிக்கும் மகள், முழங்கால் வலியோடு மாமியார். இவர் தினமும் ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குப் போய், மின்சார ரயிலில் கிண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ஆபீஸ் போகிறார். செவ்வாயும் வியாழனும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேச வேண்டியிருப்பதால் வேலை முடிய இரவு ஒன்பதரை ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் தாம்பரம் தாண்டினால் பெண்கள் பெட்டியில் இரண்டு மூன்று பேர்தான் இருக்கிறார்களாம். பயந்துபோய் கால் டாக்சி பிடிக்கிறார், ஒரு தடவைக்கு 650 ரூபாய்.

"போய்வரவே மாதம் 7,000 ரூபாய் ஆகிறது. இன்னும் ஒரு 11,000 சேர்த்துப் போட்டால் சொந்தக் காரில் போகலாம், பெட்ரோல் உட்பட. காரில் 50 நிமிடம்தான் ஆகிறது. என் கொழுந்தனார் போன வருடம் கார் வாங்கிவிட்டார். கல்யாண வீட்டு வாசலில் நாங்கள் மட்டும் ஆட்டோவில் போய் இறங்குவது கூச்சமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். வண்டியின் ஆன்ரோடு விலை 8,60,000. சீட்டு எடுத்த பணம் 1,60,000 கையில் இருக்கிறது. மீதி 7 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டியில் ஏழு வருடக் கடன். கணவர் 11,000 ரூபாய் கட்டி புக் செய்துவிட்டார். வண்டி வர மூன்று வாரம் ஆகுமாம். வாங்கலாமா, வேண்டாமா என்பது கேள்வி. கூடவே, கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு கிடைக்குமா, உடன் வேலை செய்யும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மாதம் ஒரு தொகை வாங்கிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பக்கம். கணக்குப் பிரிவு ஆள் என்பது அதில் தெரிகிறது. சீசன் டிக்கெட் 185, ஸ்டேஷன் ஸ்டாண்டுக்கு 400, ஸ்கூட்டர் பெட்ரோல் 300, ஷேர் ஆட்டோ 880, இரவு டாக்சி எட்டு தடவைக்கு 5,200, ஆக மொத்தம் 6,965 என்று கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் "ரயிலுக்கு இருநூறு ரூபாய்தான் சார்" என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் மேசை வரை ஆகும் முழுச் செலவையும் எழுதினால்தான் அது கணக்கு. அதை நீங்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள்.

ஆனால் இதே கண்ணோடு காரைப் பார்க்கவில்லை. கார் பக்கத்தில் இரண்டே வரிகள்: தவணை 11,440, பெட்ரோல் 6,600. ரயிலுக்கு ஸ்டாண்ட் காசு வரைக்கும் எழுதிய கை, காருக்கு ஸ்டாண்டையே மறந்துவிட்டது. இன்னொன்று, நீங்கள் ஒரே தாளில் இரண்டு கேள்விகளைப் போட்டுக் கலக்கியிருக்கிறீர்கள். ஆபீஸ் போகக் கார் வேண்டுமா என்பது ஒன்று. மாமியாரை ஆஸ்பத்திரிக்கும், குடும்பத்தை நீங்கள் மாதம் ஒருமுறை போகும் திண்டிவனத்துக்கும் கூட்டிப்போகக் கார் வேண்டுமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் என் பதில் வேறு வேறு.

கணக்கில் விட்டுப்போனவை

முதலில் பெட்ரோல். விளம்பரத் தாளில் இருக்கும் 20 கிலோமீட்டர் மைலேஜை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். காலை எட்டரைக்கு ஜிஎஸ்டி சாலையில், அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகும் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோட்டில், அது கிடைக்காது. கிளட்ச், பிரேக், முதல் கியர் என்று ஏசியோடு ஊர்ந்து போகும் பெட்ரோல் வண்டிக்கு லிட்டருக்கு 13 கிடைத்தால் சந்தோஷப்படலாம். தினம் 60 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்றால் 1,320 கிலோமீட்டர். அதாவது நூறு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 10,200 ரூபாய் ஆகிறது.

அப்புறம் நிறுத்துமிடம். ஆபீஸில் காருக்கு இடமில்லை, பக்கத்துக் காலி மனையில் மாதம் 2,500 கேட்கிறார்கள் என்று மூன்றாம் பக்கத்தில் நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடைசிப் பக்கக் கணக்கில் காணோம். இன்சூரன்ஸைப் பன்னிரண்டாக வகுத்தால் மாதம் 1,500 என்று வையுங்கள். வருடத்துக்குப் பதினாறாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு சர்வீஸ், டயர், பேட்டரி, வைப்பர் என்று இன்னொரு 1,500. நடுவில் யாராவது உரசிவிட்டுப் போனால் அது தனி.

கூட்டினால் 27,140 ரூபாய். நீங்கள் நினைத்த 18,000 இல்லை. கிலோமீட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் ஆகிறது. இப்போது உங்கள் இரவு டாக்சியைப் பாருங்கள்: 30 கிலோமீட்டருக்கு 650 என்றால் கிலோமீட்டருக்கு 21 ரூபாய் சொச்சம். அநியாயக் காசு என்று நீங்கள் புலம்பிக்கொண்டே ஏறும் டாக்சிக்கும், சொந்தக் காருக்கும் கிட்டத்தட்ட ஒரே ரேட்தான். சொந்தக் காரில் ஓட்டுநர் வேலையையும் நீங்களே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஏழு வருடம் கழித்துத் தவணை முடிந்துவிடுமே" என்று கேட்பீர்கள். முடியும்தான். ஆனால் ஆபீஸ் ஓட்டம் மட்டுமே அதற்குள் 1.10 லட்சம் கிலோமீட்டர் ஆகியிருக்கும். அந்த வண்டிக்கு அப்போது வரும் செலவுகள் வேறு ரகம்.

வீட்டுக் கணக்கில் இது எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். இருவர் சம்பளமும் சேர்த்து ஒரு லட்சம். வீட்டுக்கடனும் உங்கள் போக்குவரத்தும் போக இப்போது 62,000 மிஞ்சுகிறது. கார் வந்தபின் 42,000க்குக் கீழே வந்துவிடும். பள்ளிக் கட்டணமும் மாமியார் மருந்தும் மளிகையும் இதிலிருந்துதான் போக வேண்டும். தவணைகள் மட்டுமே வருமானத்தில் நூற்றுக்கு 42. வங்கி கொடுக்கும். வங்கி கொடுக்கிறது என்பதற்காக நம்மால் தாங்க முடியும் என்று அர்த்தமில்லை.

"கார் ஒரு சொத்துதானே" என்பது பற்றி

கடிதத்தில் இரண்டு இடத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள். வீடும் காரும் கடனில் வாங்கப்படுவதால் இரண்டும் ஒரே ஜாதி என்று தோன்றுகிறது. 8.60 லட்சத்தில் வண்டியின் ஷோரூம் விலை 7.30 லட்சம்தான். 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள்கால சாலை வரி 13 சதவீதம். 2023 நவம்பரிலிருந்து இதுதான் விகிதம். அதற்கே 95,000 போகிறது. மீதி இன்சூரன்ஸ், பதிவுச் செலவு. இந்த ஒன்றே கால் லட்சத்துக்கும் மேலான தொகை வண்டி வாசலுக்கு வந்த அன்றே கரைந்துவிட்டது.

அதற்குப்பின் தேய்மானம். இன்சூரன்ஸ்காரர்கள் வண்டியின் மதிப்பைப் போட ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்கள்: ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் 15 சதவீதம் கழிப்பார்கள், மூன்று வருடம் தாண்டினால் 40, நான்கு வருடம் தாண்டினால் 50. உங்கள் வண்டி மூன்று வருடம் முடித்த அன்று அதன் காப்பீட்டு மதிப்பு 4.38 லட்சம். அன்றைக்கு வங்கிக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கி 4.55 லட்சம். மூன்று வருடம் ஒழுங்காகத் தவணை கட்டியபின்னும், வண்டி திருட்டுப் போனால் கைக்காசு போட்டுத்தான் கடனை அடைக்க வேண்டும். ஏழு வருடக் கடனில் தவணை சின்னதாகத் தெரிவதற்கு நாம் கொடுக்கும் விலை இது. வட்டி மட்டும் மொத்தம் 2.61 லட்சம்.

வரிக் கழிவு கிடையாது. சம்பளக்காரர் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பெட்ரோல் காரின் கடன் வட்டிக்கு எந்தச் சலுகையும் இல்லை. கழிவு உண்டு என்று உங்கள் நண்பர் சொன்னது மின்சார வாகனக் கடனுக்கான 80ஈஈபி பிரிவாக இருக்கும். அதுவும் 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அனுமதியான கடன்களுக்குத்தான். ஷோரூமில் "ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கு, இப்ப விட்டா கிடைக்காது" என்றார்களாம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது உண்மைதான். ஆனால் அது ஆடித் தள்ளுபடி இல்லை, இந்த மாதத்தோடு முடிந்துபோக. வரியில்தான் ஜிஎஸ்டி குறைந்திருக்கிறது; சாலையில் ஜிஎஸ்டி அப்படியேதான் இருக்கிறது.

உடன் வேலை செய்பவர்களை ஏற்றிக்கொண்டு மாதத்தொகை வாங்குவதையும் விட்டுவிடுங்கள். என்றோ ஒருநாள் சிநேகிதி பெட்ரோல் போடுவது வேறு. ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் அது பெர்மிட் இல்லாத வாடகை வண்டி ஆகிவிடும். தனியார் கார் பாலிசியிலேயே வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டக்கூடாது என்று எழுதியிருக்கும். விபத்து நடந்த அன்றுதான் அந்த வரியை எல்லாரும் படிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிய கார்

50 நிமிடம் என்கிறீர்களே, அது எந்த நாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்: ஞாயிறு காலை ஏழு மணி, கொழுந்தனாரின் வண்டி, ஓட்டியவர் அவர். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜிஎஸ்டி சாலையில் நானே வேகமாகப் போவேன். திங்கட்கிழமை எட்டரைக்கு ஊரப்பாக்கத்தில் ஆரம்பித்து, கிளாம்பாக்கம் பேருந்து நிலைய வாசல், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், விமான நிலையம், கத்திப்பாரா என்று ஒவ்வொரு இடத்திலும் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை திரும்பி வருவது இன்னும் மோசம். பாதிச் சென்னை ஊருக்குக் கிளம்பி அதே சாலையில்தான் நிற்கும்.

ரயிலில் உங்கள் கணக்கு: ஸ்கூட்டர் 10 நிமிடம், காத்திருப்பு 10, ரயில் 48, ஷேர் ஆட்டோ 12. மொத்தம் 80. காரில் இதைவிடக் குறையுமா என்பதை என் பேச்சை நம்பி முடிவு செய்ய வேண்டாம். அடுத்த வாரம் இரண்டு நாள் காலை எட்டரைக்கு டாக்சி பிடித்து ஆபீஸ் போய்ப் பாருங்கள், கையில் கடிகாரத்தோடு. 1,300 ரூபாய் செலவாகும். 8.60 லட்ச முடிவைச் சோதித்துப் பார்க்க இது ரொம்ப மலிவு.

இன்னொரு சின்ன விஷயம். எட்டு வருடம் முன் லைசென்ஸ் எடுத்ததோடு சரி, அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கணவருக்கு ஓட்டத் தெரியும், ஆனால் அவர் கம்பெனி பஸ்ஸில் போகிறவர். ஆக, தினமும் மூன்று மணி நேரம் லாரிகளுக்கும் ஆம்னி பஸ்களுக்கும் நடுவில் ஓட்டப்போவது நீங்கள். ரயிலில் நின்றுகொண்டு வந்தாலும் கண்ணை மூடிக்கொள்ளலாம். காரில் அது முடியாது.

ரயில் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வரும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வண்டிக்காக நடைமேடையில் நிற்கும் எரிச்சல், ஞாயிற்றுக்கிழமைப் பராமரிப்பு வேலைக்கு ரத்தாகும் வண்டிகள், மாலை ஆறரைக்குக் கிண்டியில் பெண்கள் பெட்டிக்குள் ஏறவே முடியாத நெரிசல், எல்லாம் நிஜம். 2025 ஏப்ரலிலிருந்து இந்தத் தடத்தில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது; தூரத்தைப் பொறுத்து 35 முதல் 105 ரூபாய் வரை. நேரம் ஒத்துவரும் நாளில், உடம்பு முடியாத நாளில், அதில் ஏறுங்கள். டாக்சிக்கு முன் அது ஒரு படி. கிண்டி ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்து வந்தால் ஷேர் ஆட்டோ எதற்கு? 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அதில் டிக்கெட் இல்லை. எப்போது வரும் என்று தெரியாத பஸ்ஸுக்கு நிற்கச் சொல்லவில்லை, வந்தால் ஏறிக்கொள்ளுங்கள். சீசனை மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் ஏறத்தாழ 500 ரூபாயில் முடியும். பெரிய லாபமில்லை, ஒவ்வொரு மாதமும் நினைவு வைத்துக்கொள்ளும் வேலை மிச்சம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் மேம்பாலம் ஏறாமல் தண்டவாளத்தைத் தாண்டி ஓடுவதாகச் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். டிக்கெட்டோ சீசனோ உள்ள பயணி ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்தால், ரயில்வே மேல் தவறே இல்லாவிட்டாலும் ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவில் இழப்பீடு உண்டு. உயிர் போனால் 8 லட்சம். பயணியின் கவனக்குறைவைக் காட்டி அதை மறுக்க முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும்போது அடிபட்டால் இந்தப் பிரிவு உதவாது. அது அத்துமீறல், 147ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்க இடமுண்டு. சட்டத்தை விடுங்கள். ஐந்தாவது படிக்கும் பெண் வீட்டில் இருக்கிறாள். அந்த வண்டி போனால் அடுத்த வண்டியில் போங்கள்.

அந்த எட்டு இரவுகள்

உங்கள் 6,965 ரூபாயில் 5,200 இரவு டாக்சிக்குப் போகிறது. மீதி முழு மாதமும் 1,765 ரூபாயில் ஓடுகிறது. அதாவது உங்கள் பிரச்சினை ரயில் இல்லை. செவ்வாய், வியாழன் இரவுகள்தான் பிரச்சினை. மாதத்தில் எட்டு இரவுகளுக்காக 8.60 லட்ச ரூபாய் வண்டி வாங்கப் பார்க்கிறீர்கள்.

அந்த எட்டு இரவுகளின் செலவை ஏன் நீங்கள் ஏற்க வேண்டும்? இது எனக்கு நிஜமாகவே புரியவில்லை. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளையும் நிறுவனங்களையும் 24 மணி நேரமும் திறந்து வைக்கத் தமிழக அரசு 2019 மே மாதம் அரசாணை போட்டது. பின்னர் அது நீட்டிக்கப்பட்டும் இருக்கிறது. அதில் பெண் ஊழியர்கள் பற்றி நிபந்தனைகள் உண்டு. சாதாரணமாக இரவு எட்டு மணிக்குமேல் அவர்களை வேலை வாங்கக்கூடாது. எழுத்துமூலம் சம்மதம் பெற்றால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பாதுகாப்புக்கு நிர்வாகம்தான் பொறுப்பு. ஷிப்டில் வேலை செய்யும் பெண்களுக்குப் போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும், அந்த வசதி இருப்பதை நுழைவாயிலில் அறிவிப்பாக ஒட்டவும் வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும், இரவு ஏழு மணிக்குமேல் பெண்களை வேலைக்கு வைக்க அவர்களுடைய சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் தேவை.

உங்களிடம் யாராவது சம்மதக் கடிதம் வாங்கினார்களா? கடிதத்தைப் பார்த்தால் வாங்கியதாகத் தெரியவில்லை. "உங்களுடையது ஷிப்ட் இல்லை, பொது நேரம்" என்று நிர்வாகம் சொல்லக்கூடும். சொல்லட்டும். வாரம் இரண்டு நாள் ஒன்பதரை மணி வரை என்பது வழக்கமாகிவிட்டபின் அந்த வாதம் பலமாக நிற்காது. சட்டப்பிரிவு எண்ணோடு சண்டைக்காரி மாதிரி போய் நிற்கச் சொல்லவில்லை. மனிதவளப் பிரிவுக்கு அரைப் பக்கம் மின்னஞ்சல் எழுதுங்கள். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வேலை முடிந்தது, டாக்சிக்கு எவ்வளவு ஆனது என்று கடந்த மூன்று மாத ரசீதுகளோடு அனுப்புங்கள். மூன்று வழிகளில் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள்: ஆபீஸ் வண்டி, அல்லது டாக்சிச் செலவைத் திருப்பித் தருவது, அல்லது அந்த இரண்டு நாளும் ஆறு மணிக்கு வீடு வந்து, வாடிக்கையாளரோடு வீட்டிலிருந்தே பேசுவது. மூன்றாவதற்கு அவர்களுக்குப் பைசா செலவில்லை. பெரும்பாலும் அதைத்தான் ஒத்துக்கொள்வார்கள். உங்களைப்போல் இரவில் தங்கும் இன்னொரு பெண் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நல்லது.

பதில் வரும்வரை இரவில் ரயிலில் வர நேர்ந்தால் 139ஐ போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், ரயில்வேயின் உதவி எண் அது. ஆளே இல்லாத பெண்கள் பெட்டியில் உட்கார்ந்தாக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. பொதுப் பெட்டியில் குடும்பத்தோடு வருகிறவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

வீட்டுக்கு ஒரு கார்

இப்போது இரண்டாவது கேள்வி. மாதம் ஒருமுறை திண்டிவனம், அதற்கு வாடகை வண்டி 4,000. மாமியாரின் ஆஸ்பத்திரிக்கும் மற்றதுக்கும் ஓர் ஆயிரம். ஆக 5,000. காசு மட்டும்தான் கணக்கு என்றால் இங்கேயும் வாடகை வண்டிதான் ஜெயிக்கும். ஆனால் முழங்கால் மடக்க முடியாத அம்மாவை ஆட்டோவில் ஏற்றி இறக்குகிறவர்களுக்கு நான் காசுக் கணக்கைக் காட்டி வாயடைக்க மாட்டேன். கல்யாண வீட்டு வாசல் கூச்சத்தையும் சிரித்து ஒதுக்க மாட்டேன். அதுவும் ஒரு தேவைதான். அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுத்தால் போதும்.

நான்கு லட்சத்தில் நல்ல பழைய வண்டி ஒன்று. சீட்டுப் பணம் 1.60 லட்சம் போக 2.40 லட்சம் கடன், மூன்றே வருடம். பழைய வண்டிக்கு வட்டி கூட, 12 சதவீதம் என்று வைத்தாலும் தவணை 8,000க்குள் வரும். மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோல் 2,700. இன்சூரன்ஸும் பராமரிப்பும் 2,000. மொத்தம் 12,700. வாடகை வண்டியைவிட 7,700 ரூபாய் அதிகம். இரவு டாக்சிச் செலவு நின்றால் அதிலேயே 5,200 வந்துவிடுகிறது. பாக்கி 2,500 ரூபாய் உங்கள் குடும்பம் தாங்கக்கூடியதுதான். உங்கள் அபார்ட்மெண்டில் கார் நிறுத்த இடமும் இருக்கிறது.

பழைய வண்டி வாங்கினால் இவற்றைப் பாருங்கள்: ஆர்சி புத்தகத்தில் முந்தைய கடன் ரத்தாகியிருக்க வேண்டும், பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்களில் விற்பவர் கையெழுத்து வேண்டும், 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற மனுச் செய்ய வேண்டும். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, உங்களுக்கு வராது. தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போய்ப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை, சொந்த அனுபவத்தில். நானும் வீட்டுக்கு மட்டும் என்றுதான் ஒரு வண்டி வாங்கினேன். இரண்டு மாதம் ஆபீஸுக்கு எடுக்கவில்லை. மூன்றாவது மாதம், "வண்டி சும்மாதானே நிற்கிறது, பெட்ரோல் மட்டும்தானே" என்று தோன்றியது. அந்த "மட்டும்தானே" தான் பொறி. வாசலில் வண்டி நின்றுவிட்டால் தவணையும் இன்சூரன்ஸும் கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோலை மட்டும் வைத்து ரயிலோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுவோம். மழை பெய்தால் கார், அலுப்பாக இருந்தால் கார், கடைசியில் தினமும் கார். நான் சீசன் எடுப்பதையே விட்டுவிட்டேன். அதைக் கவனித்து நிறுத்த ஒரு வருடம் ஆனது. நிறுத்திய வேகத்தில் ஒரு மாதம் வண்டியைத் தொடாமல் விட்டேன், பேட்டரி செத்துப்போனது. ஆகவே வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள், கோயிலுக்கோ காய்கறிக்கோ. உங்கள் பயிற்சிக்கும் அதுதான் நல்ல சாலை.

கடைசியாக, அவசரமாகச் செய்ய வேண்டியது. கணவர் கட்டிய 11,000 ரூபாயின் புக்கிங் படிவத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று அதில் இருக்கும். வங்கிக் கடன் தொகை ஷோரூமுக்குப் போவதற்கு முன், வண்டி உங்கள் பெயரில் பில் ஆவதற்கு முன், ரத்து செய்வது சுலபம். பிறகு ரொம்பக் கஷ்டம். போனில் சொல்லாதீர்கள், மின்னஞ்சலில் எழுதுங்கள், கடன் விண்ணப்பத்தை நிறுத்தச் சொல்லி வங்கிக்கும் நகல் அனுப்புங்கள். படிவத்தில் இல்லாத தொகையைப் பிடித்தாலோ இழுத்தடித்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். மின்னஞ்சல் அனுப்புமுன் இந்தக் கணக்கைக் கணவரிடம் காட்டிவிடுங்கள். புக் செய்தவர் அவர். ரத்து செய்வதும் அவர் கையால் நடந்தால்தான் வீட்டில் மனஸ்தாபம் வராது.